ஆயில் மாற்றிய பின் ஒழுகுவது ஏன்?

மாணவர்களே, திருப்பூரில் பனியன் தைத்தது போக மிஞ்சும் துண்டுத் துணியைத்தான் கார்ப் பட்டறைகளில் ‘வேஸ்ட்’ என்று கையில் வைத்திருப்பார்கள். ஆயில் மாற்றிய காரின் அடியில் சொட்டு விழுந்தால் முதல் சோதனைக் கருவியும் அதுவே. நன்றாகத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பார்க்கவேண்டும். மாற்றும்போது சிந்திய ஆயிலானால் மீண்டும் வராது.

வந்தால்? ஆயில் ஃபில்டரின் வாயில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நின்றுவிடுவதுண்டு. கவனியாமல் புதியதை முடுக்கினால் வளையத்தின்மேல் வளையம் அமரும். பம்பு ஆயிலைத் தள்ளும் அழுத்தமோ பல வேளைகளில் கார் டயரின் காற்றழுத்தத்தையும் மிஞ்சும். வழுக்கும் வளையங்கள் பிதுங்கிவிடும். சில நிமிடங்களில் ஆயில் வெளியேறி, உலோகத்தோடு உலோகம் உரசி எஞ்சின் இறுகிப்போகும். வீடுவரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணமே கூடாது!

அடியிலுள்ள வடிகால் போல்ட்டில் சொட்டினால் அவ்வளவு பயமில்லை. அதன் செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் மறுமுறை இடுக்கை அடைக்காது. புது வாஷர் போதும். போல்ட்டை மேலும் மேலும் முடுக்கினால் மரைதான் தேயும்.