நியூரானிடம் கேட்கும் முன்: புதியவர்களுக்கு ஏழு அறிவுரைகள்

குரங்கின் பார்வையை ஆராயும் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எலெக்ட்ரோடைப் பிடிக்கவும் கணினியில் நிரல் எழுதவும் சொல்லித்தர இங்கே ஆட்கள் உண்டு. நான் சொல்வது அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவை. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நியூரான் நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

1. கண் கேமரா என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். மனிதரின் ஒரு விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 10 கோடிக்கு மேல். பார்வை நரம்பின் இழைகளோ சுமார் 10 லட்சம்தான். ஆகவே கழிக்கிற வேலை கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. பரவலாக ஒரே சீராக விழும் வெளிச்சத்தைவிட, வெளிச்சமும் இருட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும் இடத்துக்கே விழித்திரை அதிகம் துடிக்கிறது. பூனையின் கண்ணில் ஸ்டீபன் கஃப்ளர் இதை 1953இல் காட்டினார். மூளைக்குப் போவது படமல்ல, வித்தியாசங்களின் பட்டியல்.

2. குரங்கின் கண் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளாதீர்கள். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பாருங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 1 டிகிரி. கண்ணின் செய்தி மூளைப் புறணியில் முதலில் வந்துசேரும் பகுதி வி-1. அங்கே பார்வையின் மையத்தைக் கவனிக்கும் நியூரான் ஒவ்வொன்றும் அதைவிடச் சின்ன இடத்தைத்தான் பார்க்கிறது. கண்ணோ நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை தாவும். விழி கொஞ்சம் நகர்ந்தாலும் நீங்கள் காட்டிய கோடு வேறொரு நியூரானின் பங்குக்குப் போய்விடும்.

3. திரையை மட்டும் பார்க்காதீர்கள், நியூரானின் துடிப்பை ஒலியாக்கும் ஸ்பீக்கரையும் கேளுங்கள். 1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் மயக்கத்தில் இருந்த பூனைக்குப் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நியூரான் மசியவில்லை. புள்ளி இருந்த கண்ணாடிச் சில்லைக் கருவிக்குள் செருகும்போது மட்டும் ஸ்பீக்கர் படபடவென்று வெடித்தது. காரணம் புள்ளி அல்ல. சில்லின் விளிம்பு விழித்திரைமேல் இழுத்துச் சென்ற மெல்லிய நிழல், அதுவும் ஒரு குறிப்பிட்ட சாய்வில். சாய்வைத் தேர்ந்தெடுக்கும் நியூரான்கள் இப்படித்தான் தெரியவந்தன. 1968இல் குரங்கிலும் அதை விரிவாக எழுதினார்கள். 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. திட்டத்தில் இல்லாத சத்தம் வந்தால் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாமல், அந்த நொடியில் குரங்கின் கண்முன்னே என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள்.

4. நியூரானுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள். 1960களின் இறுதியில் சார்லஸ் கிராஸ் குழுவினர் குரங்கின் கீழ்ப்பொட்டுப் புறணியில், கையின் நிழலுருவத்துக்கு மட்டும் பலமாகத் துடிக்கும் நியூரானைக் கண்டார்கள். முகத்துக்குத் துடிப்பவை பிறகு வந்தன. 2006இல் டோரிஸ் சாவ், வின்ரிக் ஃப்ரைவால்ட், மார்கரெட் லிவிங்ஸ்டன் முதலானோர் ஒரு பகுதியில் அநேகமாக எல்லா நியூரான்களும் முகத்தையே நாடுவதைக் காட்டினார்கள். ‘ஒரு முகத்துக்கு ஒரு நியூரான்’ என்று சொல்லத் தோன்றும். 2017இல் லெ சாங்கும் சாவும் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். தையற்காரர் தோளளவை மட்டும் எடுப்பதுபோல, ஒவ்வொரு நியூரானும் முகத்தின் ஏதோ ஓர் அளவை மட்டும் எடுக்கிறது என்று தெரிந்தது. அந்த அளவு ஒத்துப்போனால் போதும், சாயலே இல்லாத இரு முகங்களுக்கும் அது ஒரேமாதிரி துடிக்கும். அப்படிப்பட்ட சுமார் 200 நியூரான்களின் துடிப்பை வைத்து, குரங்கு பார்த்த முகத்தைத் திரும்ப வரைய முடிந்தது.

5. துடிப்பது வேறு, பார்வைக்குக் காரணமாவது வேறு. புறணியில் எம்.டி. எனப்படும் பகுதி அசைவுக்குத் துடிக்கிறது என்பது 1970களிலேயே தெரியும். 1990இல் வில்லியம் நியூசம் குழுவினர், புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று குரங்கு தீர்மானிக்கும்போது அங்கே சிறு மின்னோட்டம் கொடுத்தார்கள். அங்குள்ள நியூரான்களுக்குப் பிடித்த திசையின் பக்கமே குரங்கின் பதிலும் சாய்ந்தது. துடிப்பைப் பதிவதோடு நின்றுவிடாமல், முடிந்தால் தொட்டு மாற்றிப் பாருங்கள்.

6. கண்ணிலிருந்து மூளைக்கு ஒரே திசையில் போகும் பாடப்புத்தகத்து அம்புக்குறிகளை அப்படியே நம்பாதீர்கள். ஃபெல்மனும் வான் எஸனும் 1991இல் வரைந்த மக்காக் குரங்கின் வரைபடத்தில் பார்வைக்கான பகுதிகள் 32, இணைப்புகள் 305. பெரும்பாலான இணைப்புகள் போவதும் வருவதுமாக இருவழிப்பட்டவை. விழித்திரையின் செய்தி புறணிக்குப் போகும் வழியில் தலாமஸில் தங்கும் இடத்திலேயே, விழித்திரையிலிருந்து வரும் இணைப்புகளைவிடப் புறணியிலிருந்து இறங்கி வருபவை அதிகம். எனவே கீழ்நிலை என்று சொல்லப்படும் பகுதியின் துடிப்பிலும் மேலிருந்து வந்த சொல் கலந்திருக்கும். குரங்கு அப்போது எதைக் கவனித்துக்கொண்டிருந்தது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

7. குரங்கின் உடல்நலமும் மனநிலையும் உங்கள் தரவின் பகுதி. சோர்ந்த குரங்கு தவறாகப் பதில் சொன்னால் அது பார்வையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். நோட்டில் துடித்ததை மட்டும் எழுதாமல், எதையெல்லாம் காட்டித் துடிக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். ‘இந்த நியூரான் எதற்கும் பதில் சொல்லவில்லை’ என்று யாரும் எழுத முடியாது. ‘நான் காட்டிய இவற்றுக்குச் சொல்லவில்லை’ என்றுதான் எழுத முடியும். பட்டியல் கையில் இருந்தால், அடுத்து வருகிறவர் நீங்கள் கேட்காததிலிருந்து தொடங்கலாம்.