லேப்டாப் வாங்கும் முன் பிராசஸரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்



பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த கையோடு பல வீடுகளில் லேப்டாப் வாங்கும் பேச்சு தொடங்கிவிடும். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. கடையில் "இது ஐ7, வேகமாக ஓடும்" என்பார்கள். நாமும் நம்பி வாங்கிவிடுகிறோம். ஆனால் வகுப்பறையில் எல்லோருக்கும் பிளக் பாயின்ட் கிடைக்காது. மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துபோனால் அந்த வேகத்தால் என்ன பயன்? பேட்டரி நீடித்து நிற்கும் லேப்டாப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதை வாட்-மணி என்ற அளவில் சொல்வார்கள். இதை மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப் சராசரியாக 8 வாட் செலவழித்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதுவே 16 வாட் செலவழித்தால் மூன்று மணி நேரம்தான். தொட்டி ஒன்றுதான், குழாயைத் திறந்துவிட்ட அளவுதான் வேறு.

அந்தக் குழாயில் பெரும் பங்கு திரைக்கும் பிராசஸருக்கும் போகிறது. தனி கிராபிக்ஸ் சிப் இருந்தால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஐ5, ஐ7 என்பது மின்செலவைச் சொல்லாது

மின்செலவை அறிய, பிராசஸர் பெயரின் கடைசியில் உள்ள எழுத்தைப் பார்க்க வேண்டும். இன்டெல்லின் 12ஆம் தலைமுறையில் ஐ7-1255யூ என்ற பிராசஸரின் அடிப்படை மின் அளவு 15 வாட். ஐ5-12450எச் என்பதற்கோ 45 வாட். ஐ7-ஐ விட ஐ5 மூன்று மடங்கு! காரணம், முன்னதில் 'யூ', பின்னதில் 'எச்'.

யூ என்றால் குறைந்த மின்செலவு. பி என்றால் நடுத்தரம், 28 வாட். எச் என்றால் அதிகத் திறன், அதிகச் செலவு. 10, 11ஆம் தலைமுறைகளின் சில பிராசஸர்களில் யூவுக்குப் பதிலாக ஜி1, ஜி7 போன்ற முடிவுகள் இருக்கும். அவையும் சிக்கன வகையே. ஏஎம்டி ரைசனிலும் யூ சிக்கனமானது. எச்எஸ், எச் ஆகியவை கூடுதல் மின்சாரம் கேட்பவை.

இந்த வாட் அளவு, பிராசஸர் முழு வேலையில் தொடர்ந்து இருக்கும்போது சொல்லப்படுவது. டைப் செய்யும்போது எந்தப் பிராசஸரும் அவ்வளவு எடுக்காது. ஆனாலும் எச் வகை லேப்டாப்புகளில் தனி கிராபிக்ஸ் சிப்பும் சேர்ந்தே வருவது வழக்கம் என்பதால் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. வேகத்தைக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசியாகக் கிடைக்கும் கொஞ்சம் வேகத்துக்குத்தான் அதிக மின்சாரம் போகிறது.

புதிய வகைகள்

2020இல் வந்த ஆப்பிள் எம்1 பிராசஸர் இந்தச் சிக்கனத்தைப் பெரிதும் உயர்த்தியது. அது உள்ள மேக்புக் ஏர் லேப்டாப்பில் மின்விசிறியே கிடையாது. 2024இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 'வி' வகையும் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வகையும் சிக்கனமானவையே. ஆனால் வி வகையில் நினைவகம் பிராசஸரோடு சேர்ந்தே வருவதால் பிறகு ரேம் கூட்ட முடியாது. ஸ்னாப்டிராகனில் சில விண்டோஸ் மென்பொருட்கள் ஓடாமல் போகலாம். கல்லூரியில் எந்த மென்பொருள் தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய லேப்டாப் வாங்குவோருக்கு

இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். 7ஆம் தலைமுறை ஐ5-7200யூவில் இரண்டு கோர்கள்தான். 8ஆம் தலைமுறை ஐ5-8250யூவில் நான்கு. இரண்டுக்கும் 15 வாட்தான். மேலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். பேட்டரி தேய்ந்திருந்தால் எவ்வளவு சிக்கனமான பிராசஸரும் கைகொடுக்காது. புதிதாக இருந்தபோது 50 வாட்-மணி கொண்ட பேட்டரி இப்போது 30தான் கொள்கிறது என்றால், மாற்று பேட்டரியின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

யாருக்கு எது?

பி.காம், பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளுக்கும், சாதாரண புரோகிராமிங் கற்பவர்களுக்கும் யூ வகை போதும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு படிப்பவர்களுக்கு எச் தேவைப்படலாம். அவர்கள் சார்ஜரையும் பையில் சுமக்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே வாங்கட்டும்.

கடையில் கேட்க நான்கு கேள்விகள்

1. பிராசஸரின் முழுப் பெயர் என்ன? கடைசி எழுத்து எது?
2. பேட்டரி எத்தனை வாட்-மணி?
3. தனி கிராபிக்ஸ் சிப் உண்டா? நம் பிள்ளைக்கு அது தேவையா?
4. ரேம் பிறகு கூட்ட முடியுமா?

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.