இரவிலும் விழித்திருக்கும் வெப்பக் கண்

கேமரன் மலையில் ரிங்லெட் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றுக்கு அண்மையில் மாலை வகுப்பு நடத்தச் சென்றிருந்தேன். பாடம் முடிந்ததும் கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் எழுந்து, "ஐயா, பக்கத்து நாட்டில் மலைகள் நெருப்பைக் கக்குகின்றனவாமே! எங்கள் மலையும் ஒரு நாள் அப்படிச் செய்யுமா?" என்று வினவினார். பால்மரத் தோட்டங்களில் வாழும் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அதற்குரிய விடையை இங்கு விரித்து எழுதுகிறேன்.

கேமரன் மலைவாசிகள் அஞ்ச வேண்டியதில்லை. இம்மலை, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலேயே குளிர்ந்து இறுகிய கருங்கல்லால் ஆனது. தீபகற்ப மலேசியாவில் இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. ஆனால் அண்டை நாடான இந்தோனேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. அவற்றின் நெருப்பு நம்மை எட்டாது. அவற்றின் சாம்பலோ நம் வான்வழியை எட்டக்கூடும்.

நின்றுபோன நான்கு இயந்திரங்கள்

1982-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவாத் தீவின் அருகே ஏறத்தாழ 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. திடீரென அதன் நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. அவ்வாண்டு ஏப்ரல் முதல் குமுறிவந்த காலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துள் விமானம் நுழைந்ததே காரணம்.

சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலை எண்ணிவிடலாகாது. எரிமலைச் சாம்பல் என்பது பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளுமாகும். இயந்திரத்தின் கடும் வெப்பத்தில் அது உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். விமானம் சாம்பலைவிட்டு வெளியேறிக் கீழிறங்கியபின், ஒட்டியது குளிர்ந்து உதிர்ந்தது. இயந்திரங்கள் மீண்டும் இயங்கின. ஜகார்த்தாவில் அனைவரும் உயிருடன் இறங்கினர்.

விமானத்தின் ரேடார் ஏன் எச்சரிக்கவில்லை? மழை மேகத்தின் நீர்த்துளிகளைக் காணவே அது அமைந்தது. உலர்ந்த நுண்சாம்பல் அதற்குத் தென்படாது. இரவாதலால் விமானியின் கண்களுக்கும் தெரியவில்லை.

ஒளியின்றிக் காண்பது எப்படி?

ரப்பர் தாள்களை உலர்த்தும் புகைக்கூடத்தின் அடுப்பருகே கண்ணை மூடி நின்று பாருங்கள். நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. அதன் வெம்மை முகத்தில் படும். அவ்வாறு வருவதே அகச்சிவப்புக் கதிர். வில்லியம் ஹெர்ஷல் என்னும் அறிஞர் 1800-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். சூடான பொருள் யாவும் பகலிலும் இரவிலும் இக்கதிரை வீசிக்கொண்டே இருக்கும்.

1999-இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002-இல் ஏவப்பட்ட அக்வா ஆகிய அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் இக்கதிரை அளக்கும் மோடிஸ் என்னும் கருவி பொருத்தப்பட்டது. அது தரையை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்து அளக்கும். ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் எரிமலைக் குழம்பு, ஒரு கட்டத்தின் மிகச் சிறு பகுதியில் இருந்தாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டில் லயத்தின் மறுகோடியில் ஒருவர் சுருட்டுப் புகைத்தால், ஆள் தெரியாமற்போனாலும் தீக்கங்கு தெரிகிறதன்றோ? அதைப் போன்றதே இது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் முன்னோர் கப்பலேறி வந்த வழிக்கு வடக்கே, அந்தமான் கடலில் பாரன் தீவு இருக்கிறது. போர்ட் பிளேர் என வழங்கிவந்த ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து அது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. நீண்ட காலம் உறங்கிக்கிடந்த அதன் எரிமலை 1991-இல் விழித்தெழுந்தது. அத்தீவில் மக்கள் எவரும் இல்லை. 2005-இல் அது மீண்டும் குமுறியபோது, அதன் வெப்பத்தைச் செயற்கைக்கோள்கள் வானிலிருந்தே குறித்துக்கொண்டன.

சாம்பலா, மழை மேகமா?

வெப்பக் கதிரைக் கொண்டே சாம்பலையும் இனங்காணலாம். அகச்சிவப்பில் 11 மைக்ரோமீட்டர், 12 மைக்ரோமீட்டர் என அடுத்தடுத்த இரு அலைநீளங்கள் உள்ளன. நீர், பனி மேகங்கள் 12-ஐ மிகுதியாக உறிஞ்சும். எரிமலைச் சாம்பலோ 11-ஐ மிகுதியாக உறிஞ்சும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வேறுபாடு வெளிப்படும். ஆஸ்திரேலிய விஞ்ஞானி பிரெட் பிராட்டா 1989-இல் இம்முறையை விளக்கினார். 2022 டிசம்பரில் பொறுப்பேற்ற ஜப்பானின் ஹிமாவாரி 9 செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் வட்டாரத்தைப் படமெடுக்கிறது. அத்தகைய படங்களை ஆராய்ந்து, டார்வின் நகரிலுள்ள எரிமலைச் சாம்பல் ஆலோசனை நிலையம் விமானங்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறது.

2024 ஏப்ரலில் வட சுலாவெசியின் ருவாங் எரிமலை குமுறியபோது, சபா, சரவாக் செல்லும் விமானங்கள் பல நிறுத்தப்பட்டன. பயணிகள் காத்திருக்க நேர்ந்தது மெய்யே. ஆயினும் 1982-இல் அந்த விமானிக்குக் கிட்டாத முன்னெச்சரிக்கை இப்போது கிட்டியது.

கண்ணுக்கும் எல்லை உண்டு

ரிங்லெட்டில் மூடுபனி இறங்கினால் எதிர்ச்சரிவிலுள்ள தேயிலைச் செடி தெரிவதில்லை. அவ்வாறே அடர்ந்த மழை மேகம் சூழ்ந்தால் தரையின் வெப்பம் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. வெப்பத்தைக் கண்டாலும், மலை என்று எவ்வாறு சரியும் என்பதை அது சொல்லாது. 2018 டிசம்பர் 22-இல் அனாக் கிரக்காத்தாவின் ஒரு பக்கம் கடலுள் சரிந்து எழுந்த ஆழிப்பேரலையில் நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே, நில அதிர்வை அளக்கும் கருவிகளும் மலையடிவாரக் காவலர்களும் என்றும் இன்றியமையாதவர்களே.

இனி, சாம்பல் காரணமாக விமானம் தாமதமாகும் என்று அறிவிப்பு வந்தால் சினம் கொள்ளாதீர்கள். வானில் ஒரு கண் உங்களுக்காக விழித்திருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சிந்திக்க:
1. இரவில் எரிமலையின் நெருப்பைச் செயற்கைக்கோள் எவ்வாறு காண்கிறது?
2. எரிமலைச் சாம்பல் விமான இயந்திரத்தை எவ்வாறு நிறுத்துகிறது?
3. செயற்கைக்கோள் இருந்தும் தரையில் காவல் ஏன் தேவை?