அருங்காட்சியகத்தில் சினிமாவுக்கு என்ன வேலை?

மியூசியம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஐம்பொன் சிலை, பழைய நாணயம், கண்ணாடிப் பெட்டி, "தொடாதீர்கள்" போர்டு. ஆனா நியூயார்க்கில் இருக்கிற நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு (சுருக்கமா 'மோமா') நிறைய பேர் படம் பாக்கவே போறாங்க. அங்கே ஓவியத்துக்கு ஒரு மாடி இருக்கிற மாதிரி சினிமாவுக்கும் தனித் திரையரங்கு உண்டு. இது எப்படி வந்தது, இதனால என்ன பயன்னு இந்தக் கட்டுரையில பாப்போம்.

முதல் பாடம்: சேர்த்து வைப்பது

மோமா 1929-ல் தொடங்கியது. 1935-ல் அதற்குள் ஒரு திரைப்பட நூலகம் உருவானது. அதன் முதல் பொறுப்பாளர் ஐரிஸ் பேரி, இங்கிலாந்தைச் சேர்ந்த சினிமா விமர்சகர். அந்தக் காலத்தில் ஒரு படத்தின் ஆயுள் தியேட்டரில் ஓடும் சில வாரங்கள்தான். ஓடி முடிந்த பிரதிகளைக் கரைத்து, பிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்து விற்றுவிடுவார்கள். ஓவியத்தைச் சேர்ப்பது போலப் படத்தையும் சேர்க்க வேண்டும் என்று நின்றவர் பேரி. 1936-ல் ஐரோப்பாவுக்குப் போய்ப் படங்களைத் திரட்டினார். அவற்றைத் தொகுப்புகளாக்கி அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள்.

இரண்டாம் பாடம்: சரியாகக் காட்டுவது

1939-ல் மோமாவின் புதுக் கட்டடத்திலேயே திரையரங்கு வந்தது. ஊமைப்படத்துக்கு ஒலித்தடம் கிடையாது இல்லையா? அதனால் படம் ஓடும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசிக்க வேண்டும். ஆர்தர் கிளைனர் என்பவர் 1939 முதல் 1967 வரை இந்த வேலையைச் செய்தார். அதாவது, ஒவ்வொரு காட்சியும் ஒரு கச்சேரி மாதிரி.

இதில் நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச ஒரு கணக்கும் இருக்கு. பேசும் படம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஊமைப்படக் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. 18 பிரேமில் எடுத்த 60 நிமிடப் படத்தை 24-ல் ஓட்டினால் 45 நிமிடத்தில் முடிஞ்சிடும். பழைய படத்தில் எல்லாரும் தடதடன்னு ஓடுறதைப் பாத்துச் சிரிச்சிருப்பீங்க. பல நேரம் தப்பு எடுத்தவர் மேல இல்லை, தவறான வேகத்துல ஓட்டினவர் மேல.

மூன்றாம் பாடம்: 1955

1954-ல் மோமாவின் மன்றோ வீலர், ஓர் இந்தியக் கண்காட்சிக்காகக் கல்கத்தா வந்தார். அங்கே ஒரு விளம்பரக் கம்பெனி ஓவியர் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களைப் பார்த்தார். படம் 'பதேர் பாஞ்சாலி', இயக்குநர் சத்யஜித் ராய். பணமில்லாமல் பாதியில் நின்று நின்று வளர்ந்த படம் அது. முடித்துக் கொடுத்தால் எங்கள் அரங்கில் திரையிடுகிறோம் என்றார் வீலர். சில மாதங்கள் கழித்து, கல்கத்தா வந்த ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டனும் ஒலி சேர்க்காத சில பகுதிகளைப் பார்த்துவிட்டு நல்ல வார்த்தை சொன்னார். மேற்கு வங்க அரசின் பணத்தில் படம் முடிந்தது.

1955 ஏப்ரலில் அந்தக் கண்காட்சியை ஒட்டி, அலி அக்பர் கானின் சரோத் கச்சேரியும் சாந்தா ராவின் நடனமும் மோமாவில் நடந்தன. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றவர் சாந்தா ராவ். மே 3-ம் தேதி 'பதேர் பாஞ்சாலி' உலகிலேயே முதல்முறையாக அங்கே திரையிடப்பட்டது. சப்டைட்டில் போட நேரமில்லை, வங்காளத்திலேயே ஓடியது. கல்கத்தாவில் வெளியானது அதற்குப் பிறகுதான்.

நான்காம் பாடம்: தீ

1993-ல் ராயின் பட நெகட்டிவ்கள் மறுசீரமைப்புக்காக லண்டன் போயிருந்தன. அங்கிருந்த ஆய்வகத்தில் தீப்பிடித்து அவை கருகின. கருகிய சுருள்களைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவில் ஆஸ்கர் அகாதமியின் காப்பகத்தில் வைத்தார்கள். அப்போது அவற்றைச் சரிசெய்யத் தொழில்நுட்பம் இல்லை.

இருபது வருடம் கழித்து, இத்தாலியின் பொலோன்யா நகர ஆய்வகம் ஒன்று அதைக் கையில் எடுத்தது. காய்ந்து ஒட்டிப்போன பிலிமுக்கு ஈரப்பதம் ஊட்டி, பிரித்து, ஓரத் துளைகளைக் கையாலேயே ஒட்டி, 4கே ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதம் தேறியது. மீதிக்கு வேறு வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகள் கைகொடுத்தன. 2015 மே மாதம், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மோமாவில் படம் மறுபடி திரைக்கு வந்தது.

நம்ம பக்கம் திரும்பிப் பாருங்க. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931-ல் வந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. ராயின் படத்தை எரிந்த பிறகும் மீட்க முடிந்ததற்குக் காரணம், வேறு இடங்களில் பிரதி இருந்தது. 'காளிதாஸு'க்கு அப்படி ஒன்று இல்லை.

உங்களுக்கான வேலை

1. பழைய படம் பார்க்கும்போது அது மறுசீரமைத்த பிரதியா, தேய்ந்த பிரதியான்னு பாருங்க. மங்கலான பிரதியை வெச்சு ஒளிப்பதிவாளரை எடை போடாதீங்க.

2. உங்க டிபார்ட்மெண்ட் எடுத்த குறும்படங்கள் இப்ப எங்கே இருக்கு? பாஸ் அவுட் ஆன சீனியரோட லேப்டாப்லதானே? மூணு காப்பி எடுங்க. ரெண்டு வேற வேற வகைச் சாதனத்துல இருக்கட்டும். ஒண்ணாவது காலேஜுக்கு வெளியே இருக்கட்டும்.

3. வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் திரையில போட்டுக் காட்டுங்க. ஃபைல் கெட்டுப்போச்சான்னு அப்பதான் தெரியும். முதல் வருஷப் பசங்களுக்கும், நமக்கு முன்னாடி இங்கே யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியும்.

மூணாவதை இந்த செமஸ்டரிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு செமினார் ஹால், ஒரு புரொஜெக்டர், அந்த சீனியரோட போன் நம்பர். இவ்வளவு போதும்.