பந்து வருமுன் பார்த்துவிடு: ஃபார்வர்டு ஆடும் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

முழு மேட்ச் ஆடினாலும் ஒரு ஆளின் காலில் பந்து இருப்பது மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நிமிடம். மீதி நேரமெல்லாம் அது வேறு யார் காலிலோதான் இருக்கும். நீ பிராக்டீஸ் செய்வதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்காக. கோலுக்கு எதிரே பந்தை வைத்து ஓங்கி ஓங்கி அடிக்கிறாய், கோன் வைத்து வளைந்து வளைந்து ஓடுகிறாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உனக்கு கோல் விழாததற்குக் காரணம் அங்கே இல்லை. பந்து வரும்போது நீ நிற்கிற இடமும், வருவதற்கு முன்னால் நீ பார்க்காமல் விடுவதும்தான் காரணம். அதனால் ஷாட்டைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதல் பாடம் கழுத்துக்கு. நார்வேக்காரர் கெயர் யோர்டெட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை கேமராவில் பிடித்து, பந்து வருவதற்கு முன் யார் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அதிகம் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகம் போய்ச் சேருகிறது என்று தெரிந்தது. ஸ்பெயினின் சாவியை நினைத்துக்கொள். வேகமும் கிடையாது, உடம்பும் கிடையாது, ஆனால் அந்தத் தலை ஒரு இடத்தில் நிற்காது.

எப்போது பார்ப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பந்து உன்னை நோக்கிக் கிளம்பிய பிறகு திரும்பிப் பார்த்தால் ட்ராப் கெட்டுவிடும். அதற்கு ஒரு பாஸ் முந்திப் பார்க்க வேண்டும். நடுவில் ஆடுகிறவளுக்கு பேக்கிலிருந்து பாஸ் போகிறது இல்லையா, பந்து அவர்கள் இருவருக்கும் இடையே உருண்டுகொண்டிருக்கும் அந்த நேரத்தில் யாரும் எதுவும் செய்ய முடியாது. அதுதான் உன் நேரம். முதுகில் ஆள் ஒட்டியிருக்கிறாளா, எந்தத் தோள் பக்கம், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, கீப்பர் எவ்வளவு முன்னால் நிற்கிறாள், அவ்வளவு பார்த்தால் போதும்.

இதற்குப் பயிற்சி மொட்டைமாடியிலேயே செய்யலாம். சுவரில் பந்தை அடித்து வாங்கு. உனக்குப் பின்னால் யாரையாவது நிற்க வைத்து விரலைக் காட்டச் சொல். பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டு ட்ராப் செய். அம்மாவையே நிற்க வைக்கலாம். சீரியல் விளம்பர இடைவேளை வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்த்துவிட்டால் ட்ராப் தானாக மாறும். இப்போது நீ பந்தைக் காலடியிலேயே நிறுத்துகிறாய். நிறுத்தினால் டிஃபெண்டருக்கு உன்மேல் வந்து விழ நேரம் கிடைக்கிறது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்காமல் பக்கவாட்டில் பாதி திரும்பி நில். பாஸ் போடுகிறவளுக்கு அருகில் இருக்கும் காலில் வாங்காமல் பந்தை உடம்பைத் தாண்ட விட்டு மறு காலில் வாங்கு. அந்த முதல் தொடுகையிலேயே பந்து காலி இடத்துக்குப் போயிருக்கும், நீயும் கோலைப் பார்த்துத் திரும்பியிருப்பாய். ஆள் முதுகோடு ஒட்டியிருந்தால் திரும்பாதே. ஒரே தொடுகையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடு.

எங்கே ஓடுவது? டிஃபெண்டரின் கண்ணுக்கு மறைவான பக்கம். ஒரு ஆளால் பந்தையும் உன்னையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாதபடி நிற்பதுதான் ஃபார்வர்டின் பாதி வேலை. பந்து வலது விங்கில் இருக்கிறது என்றால், அதைப் பார்க்கிற டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் போய் நில். உன்னைப் பார்க்க அவள் தலையைத் திருப்பியாக வேண்டும். திருப்பினால் பந்தைத் தவறவிடுவாள், திருப்பாவிட்டால் உன்னைத் தவறவிடுவாள். பந்தை நோக்கி இரண்டு அடி வந்துவிட்டுச் சட்டென்று அவளுக்குப் பின்னால் பாய்வதும் இதே கணக்குதான். அவள் உன்னோடு ஒரு அடி முன்னால் வந்துவிட்டால் போதும், பின்னால் இடம் திறந்துவிடும். கிளம்ப வேண்டியது பாஸ் போடுகிறவள் தலையை நிமிர்த்தும்போது. அவள் குனிந்து பந்தோடு போராடிக்கொண்டிருக்கும்போது ஓடினால் ஆஃப்சைடில் நின்றுகொண்டு கையைத் தூக்கிக் கத்த வேண்டியதுதான்.

ஆஃப்சைடை நீ பேய் மாதிரி பார்க்கிறாய். விதியைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். உன் பாதி மைதானத்தில் நின்றால் ஆஃப்சைடே கிடையாது. பந்துக்குப் பின்னால் இருந்தாலும் கிடையாது. கடைசிக்கு முந்தைய எதிராளிக்குச் சமமாக நின்றால் கிடையாது. கைகள் கணக்கில் வராது. தலை, உடம்பு, கால் மட்டும்தான். பார்ப்பது பாஸ் புறப்படும் நொடியை, உன்னிடம் வந்து சேரும் நொடியை அல்ல. இன்னொன்று, கோல் கிக், கார்னர், த்ரோ இந்த மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை. ஸ்கூல் மேட்ச்களில் இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பயன்படுத்துவதே இல்லை. டீமில் த்ரோ நீளமாகப் போடுகிறவள் ஒருத்தி இருந்தால், டிஃபெண்டர்களுக்குப் பின்னால் தைரியமாகப் போய் நில். அவர்கள் லைன்ஸ்மேனைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். நீ ஆடு.

இனி ஒரு கோலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 20, சிட்னி, மகளிர் உலகக் கோப்பை ஃபைனல். ஸ்பெயின் 1, இங்கிலாந்து 0. அந்த ஒரே கோல் 29-வது நிமிடத்தில் விழுந்தது. அடித்தது ஸ்டிரைக்கர் இல்லை, லெஃப்ட் பேக் ஓல்கா கார்மோனா.

கோல் விழுந்த இடத்திலிருந்து பார்க்காதே, பந்து கைமாறிய இடத்திலிருந்து பார். இங்கிலாந்தின் ரைட் பேக் லூசி பிரான்ஸ் பந்தோடு தன் இடத்தை விட்டு நடுவுக்கு வந்தார், அங்கே பந்தைப் பறிகொடுத்தார். அந்த நொடியில் அவர் விட்டுவந்த பக்கம் முழுக்கக் காலி. ஸ்பெயினின் தெரேசா அபெய்ரா பந்தை அங்கேயே நெரிசலுக்குள் தட்டிக்கொண்டிருக்கவில்லை, நேராக இடது பக்கத்துக்கு அனுப்பினார். அங்கே மரியோனா கால்தென்தெய் வாங்கினார், ஆனால் அவசரப்படவில்லை. பந்தோடு முன்னேறி, டிஃபெண்டர் தன்னைக் கவனிக்க வரும் வரை வைத்திருந்தார். அதற்குள் கார்மோனா வெளிப்பக்கமாக அவரைத் தாண்டி ஓடி வந்துவிட்டார். பாஸ் சரியான நேரத்தில் விழுந்தது. இடக்காலால், தரையோடு தரையாக, கீப்பர் மேரி ஏர்ப்ஸைக் கடந்து தூரத்துப் போஸ்டின் ஓரம்.

பத்துத் தடவையாவது போட்டுப் பார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஆளை மட்டும் கவனி. எனக்கு அதில் கோல் அடித்தவரைவிட கால்தென்தெய்யைத்தான் பிடிக்கும். அந்தப் பாஸை அரை நொடி முன்னால் போட்டிருந்தால் டிஃபெண்டர் கார்மோனாவிடம் போயிருப்பார், அரை நொடி தாமதித்திருந்தால் பந்தைப் பறித்திருப்பார். உன் டீமில் ஓவர்லாப் போகிறவளுக்கு நீ எப்போதும் சீக்கிரமே கொடுத்துவிடுகிறாய். கொடுத்துவிட்டால் பொறுப்பு கழிந்தது என்று நினைக்கிறாய் போல. எதிராளி உன்மேல் வரும் வரை வைத்திரு. அவளை உன் பக்கம் இழுப்பதும் அட்டாக்தான்.

பந்தைப் பிடுங்கிய முதல் ஐந்தாறு விநாடி எதிராளிகள் எல்லாரும் இடம் மாறி நிற்பார்கள். அதற்குப் பிறகு ஒழுங்காகிவிடுவார்கள். அதனால் பிடுங்கியதும் முதல் பார்வை முன்பக்கம், முதல் பாஸ் நெரிசலை விட்டு வெளியே. நாம் பறிகொடுத்தாலும் அதே கணக்கு. இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்க்காமல் உடனே பாய்ந்து நெருக்கு. கோலுக்குப் பக்கத்தில் திரும்பப் பிடுங்கிய பந்தைப்போல் சுலபமான வாய்ப்பு வேறு கிடையாது.

விங்கில் கோடு வரை போய்விட்டாயா? கண்ணை மூடிக்கொண்டு உயரமாகத் தூக்கிப் போடாதே. உங்கள் டீமில் தலையால் முட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். தரையோடு பின்பக்கமாக, பெனால்டி புள்ளி பக்கம் தள்ளிவிடு. டிஃபெண்டர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள், பின்னால் வரும் பந்துக்காகத் திரும்பி நிற்கவே முடியாது. உன் டீம்காரி எதிரே பார்த்து ஓடி வருவாள். அவள் பந்துக்குப் பின்னால் இருப்பதால் ஆஃப்சைடும் இல்லை. ஒரு கோலுக்கு இதைவிட நல்ல பாஸ் எனக்குத் தெரிந்து இல்லை. நீ மறுமுனையில் இருக்கிறாய் என்றால் கோல் வாயில் போய் நெருக்கிக்கொண்டு நிற்காதே. எல்லாரும் உள்ளே ஓடும்போது நீ மட்டும் புள்ளி பக்கம் நின்றுவிடு.

சரி, ஷாட். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பலமாக அடிக்க வேண்டிய அளவே இல்லை அது, கவனமாக வைக்க வேண்டிய அளவு. ஓரத்திலிருந்து வரும்போது தூரத்துப் போஸ்டைப் பார்த்துத் தாழ்வாக அடி. உயரமாக வருவதற்கு கீப்பர் கையை நீட்டினால் போதும், தரையோடு வருவதற்கு மொத்த உடம்பும் விழ வேண்டும். தடுத்தாலும் பந்து பெரும்பாலும் கோல் முன்னாலேயே சிதறும், உன் டீம்காரி தட்டிவிடலாம். பக்கத்துப் போஸ்டில் அடித்துத் தடுக்கப்பட்டால் கார்னரோடு முடிந்தது. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அதன் விரல் போக வேண்டிய திசையைக் காட்டட்டும். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து கம்பத்துக்கு மேலேதான் போகும்.

தூரத்திலிருந்து அடிக்கும் ஆசையைக் குறைத்துக்கொள். 11 மீட்டரிலிருந்து அடிக்கும் பெனால்டிகளில் சுமாராக நான்கில் மூன்று கோலாகிறது. பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிப்பதில் நூற்றுக்கு நான்கைந்து உள்ளே போனாலே பெரிது. ‘சங்கீதா பாஸ்ஃபோர் அடிக்கவில்லையா’ என்று கேட்பாய். அடித்தார். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்துக்கு எதிராக அவர் தூரத்திலிருந்து போட்ட கோலைப் பார்த்து நானும் துள்ளிக் குதித்தேன். அந்த 2-1 வெற்றியில் இரண்டுமே அவர் கோல், இந்தியா தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குப் போனதே அதில்தான். ஆனால் முன்னால் யாரும் நெருக்காமல் இடம் கிடைத்தால்தான் அடிக்கலாம். மூன்று கால்களுக்கு நடுவே அடிக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன்.

டிரிப்ளிங்கில் உனக்கு ஆறு ஏழு வித்தை தெரியும், ஒன்றும் முழுசாகத் தெரியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். யோஹான் க்ரைஃப் 1974 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராகச் செய்தது பாஸ் போடுவதுபோல் காலை வீசி, பந்தைத் தன் ஊன்று காலுக்குப் பின்னால் இழுத்துத் திரும்பியது மட்டும்தான். ஐம்பது வருடமாக உலகமே அதைச் செய்துகொண்டிருக்கிறது, இன்னும் ஏமாறுகிறார்கள். வித்தையைவிட முக்கியம் அதற்குப் பிந்தைய மூன்று எட்டு. மெதுவாகப் போய்ச் சட்டென்று பாய வேண்டும். ஒரே வேகத்தில் என்ன செய்தாலும் டிஃபெண்டர் கூடவே வருவாள். அவளுடைய எந்தக் கால் முன்னால் இருக்கிறதோ அந்தப் பக்கமாகப் போ, திரும்ப அவளுக்கு நேரமாகும். உன் பாதி மைதானத்தில் இதையெல்லாம் செய்து பார்க்காதே, கோச் உன்னை வெளியே உட்கார வைத்தால் நான் கோச் பக்கம்தான்.

இடக்காலையும் பழக்கு. நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோலைத் தேடிப் பார். வலப்பக்க விங்கிலிருந்து உள்ளே வெட்டி, இடக்காலால் தூரத்து மூலைக்கு வளைத்துவிட்டார். அந்தக் கால் பழகியிருக்காவிட்டால் டிஃபெண்டர் அவரை நிம்மதியாக உள்ளே விட்டிருப்பார். சுவரில் அடிக்கும்போது பாதி நேரம் இடக்காலுக்குக் கொடு. முதல் மாதம் பார்க்கச் சகிக்காது. யாரும் இல்லாத நேரத்தில் செய்.

‘குட்டையாக இருக்கிறேன்’ என்ற புலம்பல் இனி வேண்டாம். சுனில் சேத்ரி 170 சென்டிமீட்டர்தான். ஓய்விலிருந்து திரும்பி வந்து 2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிராக அவர் அடித்தது தலையால்தான். டிஃபெண்டர் குதிப்பதற்கு ஒரு நொடி முன்னால் குதிப்பவர், அவ்வளவுதான்.

அம்மா முன்னால் போனில் சொல்ல முடியாத ஒன்று. பீரியட்ஸ் நாளில் வெள்ளை ஷார்ட்ஸ் பயத்தில் ஓடாமல் நிற்கிறாய் என்று தெரியும். இங்கிலாந்து மகளிர் அணியே இந்தக் காரணத்துக்காகக் கேட்டு 2023-இல் வெள்ளையை விட்டு நீல ஷார்ட்ஸுக்கு மாறியது. கேப்டனோடு சேர்ந்து போய் பி.டி. மிஸ்ஸிடம் கேளுங்கள், கலர் மாற்றித் தருவார்கள். முட்டியையும் கவனி. முட்டி லிகமெண்ட் கிழிவது பையன்களைவிட நமக்கு அதிகம். ‘ஃபிஃபா 11+’ என்று தேடினால் இருபது நிமிட வார்ம்-அப் வரும், பந்தைத் தொடுவதற்கு முன் அதைச் செய்.

அடுத்த மேட்ச்சை வீடியோ எடுக்கிறவளிடம் ஒன்று சொல்லி வை: கேமரா பந்தோடு போக வேண்டாம், பாதி நேரமாவது உன்னோடு மட்டும் இருக்கட்டும். பாஸ் வருவதற்கு முன் எத்தனை தடவை தலை திரும்புகிறது என்று நாம் இரண்டு பேரும் எண்ணிப் பார்க்கலாம். அனுப்பும்போது மொத்தமாக அனுப்பு. கோல் விழுந்த துண்டை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸில் போட்டால் நான் பார்க்கமாட்டேன்.