கூட்டுக் குடிநீர்: கணக்குத் தெரிந்து கேட்போம்



வெளியூரில் சரக்கு எடுக்கும்போது ஒரு கடைச் சரக்குக்கு லாரி நிறையாது. நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே லாரியில் ஏற்றி, வாடகையைப் பங்கிட்டுக் கொள்கிறோம். இதில் எல்லோருக்கும் மிச்சம். ஆனால் ஒரு மூடை குறைந்தால், ஏற்றிய இடத்தில் குறைந்ததா, இறக்கிய இடத்தில் குறைந்ததா என்று சீட்டைப் பார்த்துத்தான் பேசுகிறோம். நமது குடிநீரும் அப்படிப்பட்ட கூட்டுச் சரக்குதான்.

சங்கரன்கோவில் ஆற்றங்கரை ஊர் அல்ல. தாமிரபரணித் தண்ணீர் நெடுந்தூரம் குழாயில் வந்து சேர வேண்டியிருக்கிறது. இதற்கென ஒவ்வொரு நகராட்சியும், பேரூராட்சியும், ஊராட்சியும் தனித்தனியே ஆற்றில் கிணறு அமைத்து, மோட்டார் வைத்து, குழாய் பதித்தால் செலவு கட்டுப்படியாகாது. எனவேதான் பல ஊர்களுக்கு ஒரே ஏற்பாடாகக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வந்தன. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் தொடங்கியதும் இவ்வகையில்தான்.

இதில் வேலை இரண்டாகப் பிரிகிறது. ஆற்றில் எடுத்து, சுத்திகரித்து, உள்ளாட்சியின் தொட்டிவரை மொத்தமாகக் கொண்டு வருவது 1971இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டியிலிருந்து தெருவுக்கும் கடைக்கும் பிரித்துத் தருவதும், கட்டணம் வசூலிப்பதும் உள்ளாட்சியின் பொறுப்பு. நமது மொழியில் சொன்னால், வாரியம் மொத்த வியாபாரி; நகராட்சி சில்லறைக் கடை.

சங்கடமும் இங்கேதான். வழியில் குழாய் உடைந்தாலோ, முன்னால் உள்ள ஊர் கூடுதலாக எடுத்தாலோ கடைசி ஊருக்குக் குறைகிறது. ஊருக்குள் கசிவு இருந்தால் கடைசித் தெருவுக்குக் குறைகிறது. குழாயில் வராத நாளில் டீக்கடைக்காரரும் ஓட்டல்காரரும் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள். ஆடித்தபசுக் கூட்டத்தின்போது அந்தச் சுமை இன்னும் கூடுகிறது.

ஆகவே, "தண்ணீர் வரவில்லை" என்று பொதுவாகக் குறைகூறிப் பயனில்லை. தண்ணீர் வந்த நாள், நேரம், நின்ற நேரம் இவற்றைத் தெருவுக்கு ஒரு கடையில் நோட்டில் குறித்து வைப்போம். பிறகு நகராட்சியில் ஒரே கேள்வி கேட்போம்: தொட்டிக்கு இன்று எவ்வளவு தண்ணீர் வந்தது? குறைவாக வந்திருந்தால், நகராட்சியோடு சேர்ந்து வாரியத்திடம் முறையிடுவோம். சரியாக வந்திருந்தால், தெருக் குழாயைச் சீர்செய்யும்படி நகராட்சியையே கேட்போம்.

கூட்டு வியாபாரம் நிலைப்பது கணக்குச் சுத்தத்தால்தான். தண்ணீருக்கும் அதுவே விதி.