ஒரு தகடும் பல கைகளும்: கிருஷ்ண ரெட்டியின் பதிப்போவியம்

பதிப்போவியம் தனியறைக்குள் நிகழும் கலையன்று. கனத்த அச்சுப்பொறி, அமிலத் தொட்டி, உருளைகள் ஆகியவற்றை ஒருவரே வாங்கி வைத்தல் எளிதன்று. ஆதலின் இக்கலைஞர்கள் பொதுப் பட்டறையை நாடுகின்றனர். அங்கே ஒருவர் செய்வதை மற்றவர் காண்கின்றார். கண்டதைத் தம் தகட்டில் சோதிக்கின்றார். அத்தகைய இடத்தில் பிறந்த நுட்பம் யாருக்கு உரியது என்னும் வினாவைக் கிருஷ்ண ரெட்டியின் (1925–2018) வாழ்வு எழுப்புகின்றது.

அந்நாளில் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த சித்தூர்ப் பகுதியில் பிறந்தவர் அவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தார். இலண்டனில் ஹென்றி மூரிடம் சிற்பம் கற்றபின் பாரிசு சென்றார். அங்கு ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டர் 1927இல் தொடங்கிய பட்டறை இருந்தது. 1933இல் அது குடிபுகுந்த வீட்டின் கதவிலக்கமே 'அத்தலியே 17' என்னும் பெயராயிற்று. பிக்காசோ, மிரோ, ஜியாகோமெட்டி ஆகியோர் பணிசெய்த இடம் அது.

அதுவரை பல வண்ணப் பதிப்புக்குப் பெரும்பாலும் வண்ணத்திற்கொரு தகடு வேண்டியிருந்தது. தகடுகள் இம்மியளவு விலகினும் படம் கெடும். ஒரே தகட்டில் எல்லா வண்ணங்களையும் ஏற்றி, ஒரே அழுத்தத்தில் பதிக்கும் வழியை இப்பட்டறையினர் 1950களில் செம்மைப்படுத்தினர். தகட்டை மேடும் பள்ளமுமாகப் பல மட்டங்களில் செதுக்குவர். எண்ணெய் மிகுந்த இளகிய மையைக் கடின உருளையால் உருட்டினால் அது மேடுகளில் மட்டும் படியும். பின்னர், எண்ணெய் குறைந்த கெட்டியான மையை மென்மையான உருளையால் அழுத்தி உருட்டுவர். உருளை நெகிழ்ந்து பள்ளங்களைத் தொடும். மேட்டிலுள்ள இளகிய மையோ கெட்டி மையை ஏற்காது. வண்ணங்கள் கலவாமல் அருகருகே நிற்பதற்கு மையின் பாகுத்தன்மையில் உள்ள இவ்வேறுபாடே காரணம். ஹெய்ட்டர் இளமையில் வேதியியல் கற்றவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இந்நுட்பத்தைப் பட்டறைத் தலைவரான ஹெய்ட்டர் பெயரால் குறிப்பதும் உண்டு. ரெட்டியின் பெயரால் குறிப்பதும் உண்டு. ரெட்டியுடன் இணைந்து உழைத்த பம்பாய்க் கலைஞர் கைக்கோ மோத்தியின் பெயர் பலவேளை ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது. இது நேர்மையான கணக்கன்று. மூவரையும் சேர்த்துச் சொல்வதே உண்மைக்கு அணித்தாகும்.

எனினும் ரெட்டிக்கே உரிய ஒன்று உண்டு. சிற்பியாதலின் அவர் தகட்டையே புடைப்புச் சிற்பமாகக் கருதிக் குடைந்தார். 'நீர்ச்சுழல்' (1963) என்னும் படைப்பில் அலையின் ஆழம் தகட்டின் ஆழத்திலிருந்தே எழுகின்றது. 1968ஆம் ஆண்டின் பாரிசு மாணவர் கிளர்ச்சியைக் கண்டு 'ஆர்ப்பாட்டக்காரர்கள்' என்னும் படைப்பை உருவாக்கினார்.

1960களில் அவர் ஹெய்ட்டருடன் பட்டறையின் இணை இயக்குநரானார். அலிகரில் பிறந்த ஸரீனா ஹாஷ்மி அப்பத்தாண்டில் அங்குப் பயின்றவர். அவர் பின்னாளில் பல வண்ண வித்தையை விடுத்து, மரக்கட்டையையும் கறுப்பு மையையும் பெரிதும் கைக்கொண்டார். ஆசிரியரின் சாயல் மாணவர்மீது படிந்தேயாக வேண்டும் என்னும் கட்டாயம் அப்பட்டறையில் இல்லை போலும்.

1970களின் பிற்பகுதியில் ரெட்டி நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்றார். அங்கிருந்த காலத்தில் உருவான 'பெருங்கோமாளி' (1981) படைப்பில் அவர் மை ஏற்றும் முறையை மாற்றி மாற்றிப் பதித்தார். ஒரே தகடு ஒருமுறை களிப்பையும் மறுமுறை துயரையும் காட்டியது.